உம்மாட கண் பொழுதுபட மூடுது, குரலும் போகுது. ஸ்கேன் எல்லாம் நோர்மல். ஆரிட்டக் காட்டுறது?

மருதமுனை_தறிவீடு

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். உம்மாட வருத்தம் பத்தி எழுதுறன். நீளமாப் போகும், பொறுமையா வாசிங்க.

உம்மாக்கு 46 வயசு. கலியாணத்துக்கு முதல் இருந்தே வீட்டுத் தறியில சாரன் நெய்யுறவ. சீனி இல்ல, பிரஷர் இல்ல. போன நோன்புப் பெருநாள் கழிஞ்சு கொஞ்ச நாளில, பின்னேரமானா நூல் ரெண்டு ரெண்டாத் தெரியுதெண்டு சொன்னா. கண்ணாடி மாத்தினம், சரிவரல்ல. மறுகா இடது கண்ணிமை கீழ விழத் தொடங்கின. நூல் அறுந்தா ஒரு விரலால இமையத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, மத்தக் கையாலயும் பல்லாலயும் முடிச்சுப் போடுறா. மஃரிபுக்குப் பிறகு தறியில இருக்கவே ஏலாது.

இப்ப சாப்பாடும் கஷ்டம். ராச்சோறு பாதியில தாடை களைச்சுப் போகுது. நாடிய உள்ளங்கையால தாங்கிக்கிட்டுத்தான் மெல்லுறா. சில நேரம் குடிச்ச தண்ணி மூக்கால வருது. வாப்பா கட்டார்ல இருக்கிறார். இரவில அவரோட போன்ல கதைக்கத் தொடங்கக்குள்ள குரல் நல்லா இருக்கும். கொஞ்ச நேரத்தில மூக்கால கதைக்கிற மாதிரி வந்து, பிறகு சொல்லே விளங்காது. உம்மா போன என்னட்டத் தந்திட்டு அழுவா.

விடிய எழும்பினா ஒண்டும் இல்ல. கண் நல்லாத் திறந்திருக்கும், குரல் தெளிவா இருக்கும். கிளினிக் காலையிலதானே. டொக்டர்மார் பாக்கிற நேரம் உம்மா சுகமான ஆள். மூளை சிடி நோர்மல், எம்ஆர்ஐ நோர்மல், தைரொயிட் நோர்மல். கடைசியாக் காட்டின இடத்தில “புருஷன் வெளிநாட்டிலயா? யோசனை கூடப் போல” எண்டு படபடப்புக்குக் குளிசை எழுதித் தந்தாங்க. சொந்தக்காரர் செய்வினை எண்டு சொல்றாங்க, தண்ணி ஓதிக் குடுத்தும் பாத்தாச்சு. உம்மாவே இப்ப “எனக்கு மண்டைதான் பிழைச்சிட்டு போல மகள்” எண்டு சொல்லத் தொடங்கிட்டா. அதத்தான் என்னால தாங்கேலாம இருக்கு.

இப்படி ஆருக்கும் இருந்ததா? எந்த டொக்டரிட்டப் போகணும்?

கல்லடி_மிஸ்

தங்கச்சி, நான் தாதி உத்தியோகத்தர். நரம்பியல் வாட்டில வேலை செய்தனான். டொக்டர் இல்ல, அதனால நோயின்ட பேர நான் இங்க சொல்லப்போறதில்ல. ஆனா நீங்க எழுதினதில ஒரு ஒழுங்கு இருக்கு. பாவிக்கப் பாவிக்கக் களைக்குது, ஓய்வெடுத்தாத் திரும்பி வருது. யோசனையால வாறதெண்டு இத விட்டுர ஏலாது.

கொஞ்சம் கேள்வி கேக்கிறன், பாத்துச் சொல்லுங்க. ரெண்டாத் தெரியக்குள்ள ஒரு கண்ணப் பொத்தினா ஒண்டாகுதா? பகல்ல கொஞ்ச நேரம் கண்ண மூடிப் படுத்து எழும்பினா இமை தூக்குதா? கை கால்ல விறைப்பு, மரத்துப்போறது இருக்கா? தலை சீவ, உடுப்புக் கொடியில போடக் கை தூக்கக் கஷ்டமா? படபடப்புக்குத் தந்த குளிசையின்ட பேர் என்ன, அது தொடங்கின பிறகு கூடினதா குறைஞ்சதா?

இன்னொண்டு. படுத்த உடன மூச்சு வாங்கினா, எச்சில் விழுங்கேலாமப் போனா, ஒரு மூச்சில இருபது வரைக்கும் எண்ண முடியாமக் களைச்சா, கிளினிக் நாளப் பாத்துக்கொண்டு இருக்காதிங்க. 1990 அம்புலன்சுக்குப் போன் எடுங்க. நடுச்சாமம் எண்டாலும் எடுங்க.

மருதமுனை_தறிவீடு

ஜஸாகல்லாஹ் மிஸ். இண்டைக்குப் பாத்தன். ஒரு கண்ணப் பொத்தினா நூல் ஒண்டாத்தான் தெரியுது, எந்தக் கண்ணப் பொத்தினாலும் அப்படித்தான். லுஹருக்குப் பிறகு படுத்து எழும்பினா இமை கொஞ்ச நேரம் மேல நிக்குது. மரப்பு இல்லவே இல்ல. தலை சீவக்குள்ள ரெண்டு தரம் கையக் கீழ போட்டுத்தான் முடிக்கிறா, அத நான் இவ்வளவு நாளும் கவனிக்கல்ல. குளிசையின்ட பேர் புரோபிரனோலோல். இது தொடங்கின பிறகுதான் தண்ணி மூக்கால வரத் தொடங்கின. மூச்சு இப்ப பரவால்ல.

சம்மாந்துறை_வயல்

தங்கச்சி, நேரத்த வீணாக்காம கொழும்புக்குக் கொண்டு போங்க. நல்ல தனியார் இடத்தில இன்னொரு எம்ஆர்ஐ எடுங்க, கழுத்தையும் சேத்து எடுங்க. என்ட வாப்பாக்கு ரெண்டு பாதமும் மரத்து, இருட்டில நடந்தா விழுந்து விழுந்து எழும்பினார். வயல்ல எண்ணெய் அடிச்ச நஞ்சு எண்டு ஒருத்தர் சொன்னார், வாதம் எண்டு இன்னொருத்தர் சொன்னார். கடைசியில பாத்தா விற்றமின் பி12 அடிமட்டத்தில இருந்த. சீனிக்கு வருஷக்கணக்கா மெட்போமின் குடிச்சவர். அது பி12 உடம்புக்குள்ள சேர்றதக் குறைக்குமாம். ஊசி போட்டுக் கால் தேறிட்டு. ஒரு இரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்க வேண்டியதுக்கு நாங்க தோட்டத்த ஈடு வெச்சம்.

கல்லடி_மிஸ்

சம்மாந்துறைத் தம்பி, வாப்பா தேறினது பெரிய சந்தோஷம். மெட்போமின் குடிக்கிற ஆக்களுக்கு நீங்க சொன்னது உண்மையிலயே தெரிய வேணும், அத எழுதினதுக்கு நன்றி. ஆனா இன்னொரு எம்ஆர்ஐ எண்ட யோசனைய நான் ஏத்துக்கொள்ள மாட்டன்.

எம்ஆர்ஐ காட்டுறது மூளை, முள்ளந்தண்டு இதுகள்ட உருவத்த. கட்டி, அடைப்பு, வீக்கம், தழும்பு இருந்தாத் தெரியும். நரம்பு போய்த் தசையில முடியுற இடத்தில நடக்கிற பிழை அதில தெரியாது. அந்த இடத்தில நரம்பு அசற்றைல்கோலின் எண்ட இரசாயனத்த விடுது, தசையில இருக்கிற ஏற்பிகள் அத வாங்கித்தான் தசை சுருங்குது. சில ஆக்களுக்கு உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளத் தாக்கி அழிக்குது. காலையில மிச்சமிருக்கிறத வெச்சுச் சமாளிக்கலாம். பாவிக்கப் பாவிக்கப் போதாமப் போகும். இப்படிப்பட்ட ஆளுக்குப் பத்து எம்ஆர்ஐ எடுத்தாலும் மூளை நோர்மல் எண்டுதான் வரும். அந்தக் கடுதாசியப் பாத்து, “உங்களுக்கு ஒண்டுமில்ல” எண்டு சொன்னா அது பிழை. அது சொல்றது மூளையில கட்டி அடைப்பு இல்ல எண்டு மட்டும்தான்.

இது புது விசயமும் இல்ல. 1672லயே தோமஸ் வில்லிஸ் எண்ட இங்கிலாந்து டொக்டர், நீளக் கதைச்சாக் குரல் முழுசா அடங்கி, ஓய்வெடுத்தாத் திரும்பி வாற ஒரு பொம்புளையப் பத்தி எழுதி வெச்சிருக்கிறார். 1934ல மேரி வோக்கர் எண்ட டொக்டர், குராரே எண்ட அம்பு நஞ்சு செய்யுற வேலையும் இந்தத் தளர்ச்சியும் ஒரே மாதிரி இருக்கெண்டு கண்டு, அந்த நஞ்சுக்கு மாத்து மருந்தக் குடுத்துப் பாத்தா. மருந்து வேலை செய்யுற நேரம் ஆள் தேறின. உங்கட உம்மா சொல்றதக் கேட்டு விளங்கிக்கொள்ள ஏலும் எண்டதுக்காகத்தான் இத எழுதுறன்.

நல்ல டொக்டருக்கு ஸ்கேன விட உதவுறது என்ன எப்ப எப்படி நடந்தது எண்ட விபரம். அத நீங்க கொண்டு போகணும்.

திருக்கோவில்_பாலன்

ஒரு விசயத்தில என்ட மனசு பொறுக்கல்ல, அதனால எழுதுறன். “யோசனை கூட” எண்டு சொன்னது பிழை எண்டு எல்லாரும் சொல்றம். சரி. ஆனா மனசோட சம்பந்தப்பட்டா அது வருத்தமே இல்ல எண்ட மாதிரி ஒரு நினைப்பு நம்மட ஆக்களுக்குள்ள இருக்கு. அதுவும் பிழை.

என்ட மனுசிக்கு ஒரு நாள் விடிய வலது கால் எழும்பல்ல. பக்கவாதம் எண்டு ஓடினம். ஸ்கேன் நோர்மல். வாட்டில ஒருத்தர் “நடிக்கிறா” எண்டு அவக்குக் கேக்கவே சொன்னார். ஊரில பேய் பிடிச்சிட்டு எண்டாங்க. மறுகா ஒரு நரம்பு டொக்டர் வந்து, படுக்க வெச்சு, இடது காலத் தூக்கச் சொல்லிப்போட்டு வலது குதியில கைய வெச்சுப் பாத்தார். நேராக் கீழ அமத்தச் சொன்னா அசையாத அந்தக் கால், மத்தக் காலத் தூக்கக்குள்ள பலமாக் கீழ அமத்தின. அவர் எங்களுக்கும் அதக் காட்டினார். நரம்பு அறுபடல்ல, மூளை காலுக்கு அனுப்புற கட்டளைதான் குழம்பியிருக்கு, நடிக்கல்ல, திருத்தலாம் எண்டார். தொழிற்பாட்டு நரம்பியல் கோளாறு எண்டு அதுக்குப் பேர். பிசியோதெரபி செய்து இப்ப சந்தைக்குத் தனியாப் போய் வாறா.

நான் சொல்ல வாறது இதுதான். அந்த நோயையும் கைவெச்சுப் பரிசோதிச்சு, அடையாளம் கண்டுதான் சொல்லணும். ஸ்கேன்ல ஒண்டும் இல்ல எண்டதால மனசுதான் எண்டு தள்ளுறது பரிசோதனை இல்ல. தங்கச்சிட உம்மாவ ஆரும் அப்படித் தொட்டுப் பாத்தாங்களா?

மருதமுனை_தறிவீடு

இல்ல அண்ணா. ரிப்போட்டத்தான் பாத்தாங்க. உங்கட எழுத்த உம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். அண்ணிய சுகம் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

வாகரை_டீச்சர்

இந்த இழைய வேற ஆக்களும் வாசிப்பிங்க, அதனால ஒரு சின்னக் குறிப்பு. தோல்ல வெளிறின தேமல் மாதிரி இருந்து, அந்த இடத்தில தொட்டாலோ சுட்டாலோ தெரியல்ல எண்டா, நரம்பு வருத்தம் எண்டு எங்கயும் அலையாம முதல் தோல் கிளினிக்குக்குப் போங்க. தொழுநோய் இன்னும் நம்மட மாவட்டங்களில வருது. முந்தித் தொழுநோய்க்காரர வெச்சிருந்த மாந்தீவு ஆஸ்பத்திரியின்ட பேரக் கேட்டே பயந்து ஒளிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. அப்படிப் பயப்படத் தேவையில்ல. குளிசை இலவசம், வீட்டில இருந்தே குடிக்கலாம், நேரத்தோட தொடங்கினா விரல் மடங்காமக் காப்பாத்தலாம். மருதமுனைத் தங்கச்சிட உம்மாக்கு மரப்பு இல்லாததால இது அவக்குப் பொருந்தாது.

கல்லடி_மிஸ்

தங்கச்சி, இனி செய்ய வேண்டியதச் சொல்றன்.

முதல் விசயம் புரோபிரனோலோல். சில நரம்பு-தசை வருத்தங்கள அது கூட்டும். நீங்களா நிப்பாட்டாதிங்க, ஆனா அடுத்த கிளினிக் வரைக்கும் வெச்சிருக்கவும் வேணாம். நாளைக்கே எழுதித் தந்த டொக்டரிட்டயோ கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரியிலயோ குளிசை அட்டையக் காட்டி, இது தொடங்கின பிறகு தண்ணி மூக்கால வருது எண்டு சொல்லுங்க. அந்த ஒரு வசனத்த மறக்காம சொல்லுங்க.

அடுத்தது வீடியோ. விடிய எழும்பின உடன ஒண்டு, இரவில ஒண்டு. ஒரே கதிரை, ஒரே லைட், முகம் நேரா. இரவில எடுக்கக்குள்ள முகட்டப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்க, இமை விழும் வரைக்கும் எடுங்க. பிறகு ஒண்டில இருந்து சத்தமா எண்ணச் சொல்லுங்க. சோறு மெல்லுறதையும் எடுங்க. வெக்கப்படுவா. டொக்டர் மட்டும்தான் பாப்பார் எண்டு சொல்லி எடுங்க.

ஒரு தாளில எழுதுங்க, ஒரு பக்கம் போதும். எப்ப எது முதல் வந்த, எது கூட்டுது, எது குறைக்குது, என்னென்ன குளிசை குடிச்சா, குடும்பத்தில ஆருக்கும் இப்படி இருந்ததா. செய்வினைக் கதையும் ஆரோட கோவம் எண்ட கதையும் அதில வேணாம். தண்ணி ஓதிக் குடுக்கிறத நான் பிழை எண்டு சொல்ல மாட்டன், உம்மாட மனசுக்கு அது ஆறுதல். அதுக்காகக் கிளினிக் நாளத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியா, அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்க. கிளினிக்கில ஒருத்தருக்குக் கிடைக்கிறது சில நிமிஷம், அதுவும் காலையில. வாட்டில படுத்திருந்தா இரவில ரவுண்ட் வாற சின்ன டொக்டர் கண்ணால காண்பார். “சேர், வருத்தம் பொழுதுபடத்தான் வருது, ஒரு இரவு வாட்டில வெச்சுப் பாக்க ஏலுமா” எண்டு மரியாதையாக் கேளுங்க. விழுங்கக் கஷ்டம் எண்டு சொன்னாலே பெரும்பாலும் அனுமதிப்பாங்க.

சம்மாந்துறை_வயல்

மிஸ் சொல்றது சரியாத்தான் தெரியுது. தங்கச்சி, கல்முனையில இருந்து வாகனம் தேவைப்பட்டா எனக்குத் தனிமடலில சொல்லுங்க. காசு வேணாம்.

மருதமுனை_தறிவீடு

எல்லாருக்கும் ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், பேர் கிடைச்சிட்டு.

புரோபிரனோலோல அடுத்த நாளே நிப்பாட்டிட்டாங்க. தாளையும் வீடியோவையும் வாட்டு டொக்டரிட்டக் குடுத்தன். இளம் டொக்டர். இரவு வீடியோவ ரெண்டாந்தரமும் போட்டுப் பாத்தார். ஒண்டும் சொல்லாமப் போய், பெரிய டொக்டரக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய டொக்டர் உம்மாட கட்டில்ல இருந்து, முகட்டப் பாக்கச் சொன்னார். இமை மெது மெதுவா இறங்கின. கையுறைக்குள்ள ஐஸ்கட்டி போட்டு, இடது இமைக்கு மேல ரெண்டு நிமிஷம் அளவில வெச்சிருந்தாங்க. எடுத்தா, கண் திறந்திருக்கு! பக்கத்துக் கட்டில் பெத்தாவும் எட்டிப் பாத்தா. அடுத்த நாள் பின்னேரம் ஒரு ஊசி போட்டாங்க. நியோஸ்டிக்மினாம். போட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள உம்மா சாதாரணமாக் கதைச்சா. நான் உடன வாப்பாக்குப் போன் எடுத்துக் குடுத்தன். போன மாதங்களில ஒரு நாளும் அந்த நேரத்தில அந்தக் குரல் அவருக்குக் கேக்கல்ல.

மயஸ்தீனியா கிரேவிஸ் எண்டு எழுதியிருக்கு, மிஸ் சொன்ன அந்த ஏற்பிகளத் தாக்குற வருத்தம்தான். ஏற்பிகளத் தாக்குற அன்டிபொடி இரத்தத்தில இருக்கா எண்டு பாக்க இரத்தம் எடுத்து அனுப்பினாங்க. அது நெகட்டிவ் எண்டு வந்திட்டு. அதுதான் இப்ப பயம். அப்ப இந்த வருத்தம் இல்லையா? திரும்பவும் மனசு எண்டு சொல்லிருவாங்களா? நாளைக்கு நரம்பு டெஸ்ட் எண்டிருக்கு. நெஞ்சுக்கும் சிடி எடுக்கணுமாம். நெஞ்சில என்ன இருக்கு?

அக்கரைப்பற்று_நானா

தங்கச்சி, இவ்வளவு நாளும் வாசிச்சிக்கொண்டுதான் இருந்தன். எனக்கும் இதே வருத்தம், வருஷக்கணக்கா இதோட இருக்கிறன். மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்துறன், ரெண்டு பிள்ளையளக் கரை சேத்தன். முதல்ல உம்மாட்ட இதச் சொல்லுங்க.

அன்டிபொடி நெகட்டிவ் எண்டதால வருத்தம் இல்ல எண்டு ஆகாது. உடம்பு முழுக்க வாற ஆக்களில ஏறக்குறைய 100க்கு 80, 85 பேருக்குத்தான் அந்த அன்டிபொடி இரத்தத்தில தெரியும். கண்ணோட மட்டும் நிக்கிற ஆக்களில பாதிப் பேருக்குத்தான். மஸ்க் எண்ட இன்னொரு அன்டிபொடியும் இருக்கு, அதையும் பாக்க ஏலுமா எண்டு கேளுங்க. எனக்கு உறுதியானது நரம்பு டெஸ்டிலதான். நரம்பத் திரும்பத் திரும்ப மின்சாரத்தால தூண்டுவாங்க, தசையின்ட பதில் ஒவ்வொரு தரமும் குறைஞ்சு குறைஞ்சு போகுதா எண்டு பாப்பாங்க. சுள்ளெண்டு இருக்கும், தாங்கலாம். அந்த டெஸ்டுக்கு முதல் குளிசைய நிப்பாட்டணுமா எண்டு இண்டைக்கே வாட்டு மிஸ்ஸிட்டக் கேட்டு வையுங்க.

நெஞ்சு சிடி தைமஸ் சுரப்பியப் பாக்க. நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கிற சுரப்பி அது. 100க்கு 10, 15 பேருக்கு அதில கட்டி இருக்கும். இருந்தா வெட்டி எடுப்பாங்க. கட்டி இல்லாத சில ஆக்களுக்கும் எடுக்கிறாங்க, அப்படி எடுத்தா மருந்து குறையுறது உண்டு. எனக்கு எடுத்ததுதான்.

வீட்ட வந்தா குளிசை நேரம்தான் வாழ்க்கை. பிரிடோஸ்டிக்மின் குடிச்சு அரை, முக்கால் மணித்தியாலத்தில வேலை செய்யும், மூண்டு நாலு மணித்தியாலத்தில இறங்கும். சோத்துக்கு முதல் குடிச்சா மெல்லுறதுக்குச் சக்தி இருக்கும். வயித்து வலி, வயித்தோட்டம், எச்சில் கூட வந்தா டொக்டரிட்டச் சொல்லுங்க, அளவ மாத்துவாங்க. ஸ்டீரொயிட் தொடங்கினா முதல் கிழமைகளில வருத்தம் கொஞ்சம் கூடலாம், கவனமாப் பாத்துக்கொள்ளுங்க. அத ஒரு நாளும் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது.

காய்ச்சல், சளி, பல்லுக் கழட்டுறது எண்டு எங்க போனாலும் “எனக்கு மயஸ்தீனியா” எண்டு முதல் வசனமாச் சொல்லணும். சிப்ரோபுளொக்சசின், அசித்ரோமைசின், ஜென்டமைசின் ஊசி, மக்னீசியம் ஊசி இதெல்லாம் எங்களுக்கு ஆபத்தாகலாம். நான் கிளினிக் கொப்பியின்ட முன் அட்டையில சிவப்புப் பேனையால எழுதி, பேர்சுக்குள்ளயும் ஒரு துண்டு வெச்சிருக்கிறன்.

மருதமுனை_தறிவீடு

நானா, உம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். கராஜ் எண்டதும் “அப்ப நானும் தறிக்குத் திரும்பலாம்” எண்டு சொன்னா.

நரம்பு டெஸ்டில குறைஞ்சு போறது தெளிவாத் தெரிஞ்ச. இனி சந்தேகம் இல்ல எண்டு பெரிய டொக்டர் சொல்லிட்டார். சிடியில கட்டி இல்ல. இப்ப குளிசை நாளைக்கு நாலு வேளை.

நோன்பு கிட்ட வருது. உம்மா ஒரு நோன்பும் விடாதவ. குளிசை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் குடிச்சாப் போதாதா எண்டு கேக்கிறா. நான் வேணாம் எண்டு சொன்னா அழுறா. நீங்க எப்படிச் செய்யுறீங்க?

அக்கரைப்பற்று_நானா

நான் பிடிக்கிறதில்ல தங்கச்சி. முதல் வருஷம் பிடிச்சுப் பாத்தன், அஸருக்குப் பிறகு எச்சில் விழுங்கேலாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பள்ளி மௌலவியிட்டப் போய்க் கேட்டன். வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கெண்டது குர்ஆன்லயே, சூரா பகராவில இருக்கு, தேறினா வேற நாளில கழாச் செய்யலாம், தேறாத வருத்தமெண்டா ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு குடுக்கலாம் எண்டு சொன்னார். உம்மாவ நீங்க மறிக்காதிங்க. அவ நம்புற மௌலவியிட்டக் கூட்டிக்கொண்டு போங்க, குளிசை நேரம் எழுதின தாளையும் கொண்டு போங்க. அவர்ட வாயால கேட்டா மனசு ஆறும்.

கல்லடி_மிஸ்

நானா சொன்னதோட ஒண்டு சேக்கிறன். அடுத்த கிளினிக் நோன்புக்கு முதலா பிறகா எண்டு கொப்பியில பாருங்க தங்கச்சி. பிறகு எண்டா, இந்தக் கிழமையே போய்த் திகதிய முன்னுக்கு எடுங்க. உம்மாவே டொக்டரிட்ட நேராக் கேக்கட்டும். குளிசை கையில எத்தினை நாளுக்கு இருக்கெண்டும் எண்ணிப் பாத்து வையுங்க. வெளிப் பாமசியில ஒரே நாளில கிடைக்காமப் போறது உண்டு, முடியுறதுக்கு ஒரு கிழமை முதலே துண்டு எழுதி வாங்குங்க.

மருதமுனை_தறிவீடு

கிளினிக் நோன்புக்குப் பிறகுதான் போட்டிருக்கு மிஸ். திங்கக்கிழமை விடிய போய் மாத்துறன். சம்மாந்துறை நானா வாகனத்தோட வாறதாச் சொல்லியிருக்கிறார்.